கன்சோல் கூட்டாளிகள் இனி எங்கே கூடுவது?

2010 ஏப்ரல் 15 அன்று மைக்ரோசாஃப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸுக்கான (டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் பெட்டி அது) லைவ் என்ற ஆன்லைன் சேவையை நிறுத்தியது. அதன்பின் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. ஆனால் ஹேலோ 2 ஆட்டத்தில் அந்த நேரத்தில் இணைந்திருந்த சிலர் கன்சோலை அணைக்கவே இல்லை. அந்த ஆட்டத்தில் மேட்சை நடத்துவது கம்பெனியின் சர்வர் அல்ல, ஆடுகிறவர்களில் ஒருவருடைய கன்சோல்தான். அதனால் வாசல் கதவைப் பூட்டிய பிறகும் உள்ளே இருந்தவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெட்டி சூடேறி நின்றுபோனால் ஒருவர் குறைவார், ஒரு வீட்டில் நெட் போனால் இன்னொருவர். இப்படியே ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்து, மே மாதத்தில்தான் கடைசி ஆளும் வெளியே வந்தார்.

வெறும் ஆட்டத்துக்காக அவர்கள் அப்படி உட்கார்ந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஹேலோ 3 வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. ஆட வேண்டுமென்றால் அங்கே போயிருக்கலாம். ஐந்து வருடத்துக்கு மேல் ராத்திரி ராத்திரி பார்த்துப் பழகிய பெயர்கள், மேட்சுக்கு முன் எல்லாரும் கூடும் அந்தப் பழைய லாபியில்தான் இருந்தன.

இந்த மாதம் எங்கள் குழுவுக்கும் இதே விஷயம் பேச்சுக்கு வந்தது. நாங்கள் 17 பேர். சென்னை, மதுரை, துபாய், டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோ என்று சிதறிக் கிடக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கூடிக் கால்பந்தும் டெக்கன் 8 என்ற சண்டை ஆட்டமும் ஆடுவோம். ஸ்கார்பரோக்காரருக்கு அப்போது பகல், மதியச் சாப்பாட்டு வேளைதான். பெரும்பாலோரிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, நான்கு பேரிடம் எக்ஸ்பாக்ஸ். ஒருவர் தன் மகளுக்காக நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-உம் வாங்கியிருக்கிறார். அடுத்த நாலைந்து வருடத்துக்கு எந்த இடத்தை எங்கள் இடமாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் தேடிப் பார்த்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு குழுக்களுக்கும் உதவலாம்.

முதலில் எங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் கூடிவந்த ஓர் இடம் மூடப்பட்டது. எந்த இடம் என்பது இங்கே முக்கியமில்லை. மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். மூன்று வருட லீக் அட்டவணை போனது. யார் யாரை எத்தனை கோலில் ஜெயித்தார்கள் என்ற பழைய சண்டைகள் எல்லாம் போயின. அதைவிடப் பெரிய இழப்பு ஒரு தம்பி. திருநெல்வேலிப் பக்கம் என்று மட்டும் தெரியும். பன்னிரண்டரை மணிக்கு எல்லாரும் படுக்கப் போகும்போது "அண்ணே, லாஸ்ட் மேட்ச்ணே, ஒண்ணே ஒண்ணு" என்பான். அவன் நிஜப் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை. போன் நம்பர் கிடையாது. இடம் போனதும் அவனும் போய்விட்டான்.

அதனால் இந்தத் தடவை நான் பார்த்தது வசதியை மட்டும் இல்லை. இந்த இடத்தை மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, மூடினால் எதைக் கையோடு எடுத்துக்கொண்டு வர முடியும், எந்தக் கன்சோல் வைத்திருப்பவரும் உள்ளே வர முடியுமா, உள்ளே யாராவது தப்பாக நடந்தால் யார் கேட்பது என்பதையெல்லாம் பார்த்தேன்.

ரொம்ப எளிய வழி, கன்சோலுக்குள்ளேயே இருந்துவிடுவது. 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் வந்தபோது அதன் ஸ்டார்ட்டர் கிட்டுக்குள்ளேயே ஒரு ஹெட்செட் வைத்துக் கொடுத்தார்கள். எந்த ஆட்டம் ஆடினாலும் உங்களுக்கு ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல். அதற்கு முன்பு பெரும்பாலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி அறிமுகம். ஆட்டம் மாறினாலும் ஆள் மாறாமல் இருக்கலாம் என்ற வசதியிலிருந்துதான் இன்றைய கன்சோல் நட்புகள் வளர்ந்தன. இன்றைக்கும் பிளேஸ்டேஷனில் பார்ட்டி என்ற குரல் அறை போட்டுப் பேசச் சந்தா வேண்டாம். எக்ஸ்பாக்ஸிலும் 2021 முதல் வேண்டாம். கன்ட்ரோலரில் இரண்டு பொத்தானை அழுத்தினால் குரல் கேட்கும். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அங்கேயே புகார் கொடுக்கலாம். எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பொது லாபியில் மைக்கை ஆன் செய்வதே இல்லை. எங்கள் பார்ட்டியில் மட்டும்தான் அவர் குரலைக் கேட்கலாம். கதவு சாத்திய அறை அவருக்கு அவசியம்.

ஆனால் எக்ஸ்பாக்ஸ்காரர் பிளேஸ்டேஷன் பார்ட்டிக்குள் வர முடியாது. ஆட்டம் இரண்டிலும் சேர்ந்து ஓடுகிறது, பேச்சு மட்டும் சேராது. எங்களில் நான்கு பேரை வெளியே நிற்க வைத்துவிட்டு ஒரு குழு என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

அதோடு, கம்பெனிகள் இந்த இடங்களைக் கட்டுவதைப்போலவே கலைப்பதையும் சாதாரணமாகச் செய்கின்றன. சோனியின் பிளேஸ்டேஷன் ஹோம் என்ற மெய்நிகர் கூடுமிடம் 2008 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்து 2015 மார்ச் 31-இல் மூடியது. பிஎஸ்4-இல் (பிளேஸ்டேஷன் 4) இருந்த கம்யூனிட்டீஸ் என்ற குழு வசதியை 2021 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். மூடாமலே கதவு அடைபட்ட காலமும் உண்டு. 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் திருடர்கள் புகுந்தபோது சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. சேவை மூன்று வாரத்துக்கு மேல் நின்றது. அத்தனை நாளும் நண்பர் பட்டியலைத் தவிர வேறு தொடர்பில்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

இந்த வகையில் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் நின்டெண்டோவின் மீவர்ஸ். 2012 நவம்பரில் வீ யூ கன்சோலோடு வந்தது. அந்தக் கன்சோலின் கன்ட்ரோலரிலேயே ஒரு தொடுதிரை இருக்கும். கூடவே வரும் குச்சியால் அதில் கறுப்பு வெள்ளையில் படம் வரைந்து போடலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தனி இடம். ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாமல் பத்துத் தடவை செத்தவர் அழுகிற முகத்தை வரைந்து போடுவார், அதே கட்டத்தில் நிற்கும் உங்களுக்கு அது தெரியும். 2015-இல் ஸ்ப்ளட்டூன் வந்தபோது, ஜனங்கள் வரைந்த படங்கள் ஆட்டத்துக்குள்ளிருக்கும் நகரத்தின் சுவர்களில் சுவரோவியமாகவே தோன்றின. முகம் தெரியாத ஒரு பிள்ளை இன்னொரு நாட்டில் உட்கார்ந்து வரைந்தது உங்கள் தெருச் சுவரில் இருக்கும். ஆட்டமும் பேச்சும் ஒன்றோடொன்று இவ்வளவு இயல்பாகக் கலந்த இடத்தை நான் வேறு பார்த்ததில்லை. கண்காணிக்க ஆட்களையும் வைத்திருந்தார்கள். அதனால் குழந்தைகளும் பயமில்லாமல் இருந்தார்கள்.

2017 நவம்பரில் மூடிவிட்டார்கள். அவரவர் போட்டதை அவரவர் கேட்டு வாங்கிக்கொள்ள நின்டெண்டோ ஒரு வழி வைத்தது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் மற்றவர்கள் உங்களுக்குச் சொன்ன பதிலும், பக்கத்தில் இருந்த படங்களும் சேர்ந்தால்தானே அது ஓர் இடம்? அதைக் காப்பாற்றியவர்கள் தன்னார்வலர்கள். மூடுவதற்குள் ஓடி ஓடிச் சேமித்தார்கள். 13 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அப்படித் தப்பின. இன்று அவற்றைப் பார்க்கலாம், ஆனால் யாருக்கும் பதில் எழுத முடியாது. சுவர் இருக்கிறது, ஆள் இல்லை.

நின்டெண்டோ இப்போது 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் கேம்சாட் என்ற பேச்சு வசதியைக் கொடுத்திருக்கிறது. கன்ட்ரோலரில் அதற்கென்றே சி என்று ஒரு பொத்தான். 12 பேர் வரை பேசலாம். 16 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் தங்கள் போனில் அனுமதி கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள்தான் ஆடுகிறார்கள் என்றால் வேறெதையும் தேட வேண்டாம், இதுவே போதும். எங்கள் நண்பர் மகளுக்கு இதைத்தான் சொன்னேன். ஆனால் இதுவும் ஒரே கன்சோல்காரர்களுக்கான அறைதான்.

அடுத்த வழி, ஆட்டத்துக்குள்ளேயே அமைக்கும் கிளான், கிளப் என்ற குழு வகை. இதை அதிகம் பேச வேண்டியதில்லை. ஆட்டத்தின் ஆயுள்தான் குழுவின் ஆயுள். லிட்டில் பிக் பிளானட் வரிசையில் ஆடியவர்களே ஒரு கோடிக்கு மேல் கட்டங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். அதில் மிஞ்சியிருந்த சர்வர்களையும் 2024-இல் நிரந்தரமாக நிறுத்தினார்கள். அதே 2024 மார்ச் 31-இல் யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர் நின்றது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தைத் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்த்தது. ஆட்டத்தை மூடினாலும் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதுதான் அவர்கள் கேட்பது. நியாயமான கோரிக்கை. அது சட்டமாகும் வரை ஓர் ஆட்டத்தை நம்பிக் குழுவைக் கட்டாதீர்கள்.

மூன்றாவது, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி. 2015-இல் கணினியில் ஆடுகிறவர்களுக்காக வந்தது. கன்சோல்காரர்கள் ரொம்ப நாள் மடியில் போனை வைத்துக்கொண்டு, ஒரு காதில் போனின் இயர்போன், மறு காதில் டிவி சத்தம் என்று சமாளித்தோம். எக்ஸ்பாக்ஸில் 2022-இலும் பிஎஸ்5-இல் 2023 மார்ச்சிலும் டிஸ்கார்ட் குரல் வந்தது. முதலில் போனிலிருந்து அழைப்பைக் கன்சோலுக்கு மாற்ற வேண்டியிருந்தது, இப்போது கன்சோலிலிருந்தே நேராகச் சேரலாம். எங்கள் 17 பேரும் ஒரே அறையில் பேச முடிகிற முதல் வழி இதுதான். மேட்ச் இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் யாராவது ஏதாவது எழுதியிருப்பார்கள். துபாய்க்காரர் வேலை முடிந்து வரும்போது போனில் படித்துக்கொள்வார். ஆடாத நேரத்திலும் ஒரு குழு உயிரோடு இருக்கிறது என்றால் அதற்கு இப்படி ஓர் இடம் வேண்டும். கன்சோலுக்குள் மட்டும் இருக்கும் எந்த வசதியும் இதைத் தரவில்லை.

இதிலும் பயம் உண்டு. டிஸ்கார்டும் ஒரு கம்பெனிதான். மொத்த சர்வரையும் (ஒரு குழுவின் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர்) அப்படியே இறக்கி எடுத்துக்கொள்ள அதில் வழியில்லை. அரசாங்கம் நினைத்தால் ஒரே நாளில் வாசலை அடைக்கும். 2024 அக்டோபரில் ரஷ்யாவும் துருக்கியும் அதைத்தான் செய்தன. நமக்கு இது புதிதல்ல. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைலைத் தடை செய்தபோது எத்தனை குழுக்கள் கலைந்தன என்று இங்கே போனில் ஆடியவர்களுக்குத் தெரியும்.

வயதுச் சோதனை இன்னொரு விஷயம். வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மெய்நிகர் உலகம் என்று எங்கேயோ போகிறார்கள். எனக்கு இதுதான் முன்னால் தெரிகிறது. பிரிட்டனில் 2025 ஜூலை முதல் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம் கறாராக அமலுக்கு வந்தது. டிஸ்கார்டும் எக்ஸ்பாக்ஸும் அங்கே வயதைச் சரிபார்க்கத் தொடங்கின. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான், சரி. ஆனால் அதே வருடம் அக்டோபரில், டிஸ்கார்டுக்காக வாடிக்கையாளர் சேவை செய்துவந்த வேறொரு நிறுவனத்தின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று அறிவித்தார்கள். நண்பர்களோடு கால்பந்து ஆட அடையாள அட்டையைக் காட்டுகிற நிலை வந்தால், அந்த அட்டையை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

கடைசி வழி, யாரையும் நம்பாமல் நாமே நடத்துவது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பேசுவதற்கு மட்டும் சொந்த இடம். மம்பிள் போன்ற திறந்த மூல மென்பொருளை, மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சின்ன சர்வரில் போட்டுக்கொள்ளலாம். எங்களில் ஒருவருக்கு அது கைவந்த வேலை. ஆனால் கன்சோலில் அது ஓடாது. மறுபடியும் ஒரு காதில் போன், ஒரு காதில் டிவி. அதோடு அவருக்குக் கல்யாணம், வேலை மாற்றம் என்று ஏதாவது வந்தால் சர்வரை யார் பார்ப்பது? கம்பெனி கையில் இருக்கும் சாவி ஒரே ஒரு நண்பர் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். உள்ளே சண்டை வந்தாலும் அவர்தான் பஞ்சாயத்து செய்ய வேண்டும்.

இன்னொரு வகை, மூடிப்போன ஆட்டங்களையே ரசிகர்கள் உயிர்ப்பிப்பது. இதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு மனிதர்கள் மேலேயே ஒரு மரியாதை வருகிறது. 2000 டிசம்பரில் சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் கன்சோலில் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் என்ற ஆட்டம் வந்தது. அந்தக் கன்சோலுக்குள்ளேயே போன் லைன் மோடம் இருந்தது. ஜப்பான்காரரும் அமெரிக்கரும் ஜெர்மன்காரரும் ஒரே குகையில் சேர்ந்து சண்டை போடுவார்கள், ஆனால் பாஷை தெரியாது. அதற்கு ஒரு வழி செய்தார்கள். பட்டியலிலிருந்து சொற்களைத் தேர்ந்தெடுத்து ஒரு வாக்கியத்தைக் கோத்தால், எதிரில் இருப்பவருக்கு அது அவர் மொழியில் தெரியும். "கதவைத் திற", "காப்பாற்று" அளவுக்குத்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த வருடமே சேகா கன்சோல் தயாரிப்பையே விட்டுவிட்டது. அந்த ஆட்டத்தின் சர்வர்களும் பிறகு மூடின. ஆனால் இன்றைக்கும் அந்தப் பழைய பெட்டியில் அதே ஆட்டத்தை ஆன்லைனில் ஆடுகிறார்கள். ட்ரீம்பை என்று ஒரு ஏற்பாடு. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியோடு ஒரு யுஎஸ்பி மோடத்தைச் சேர்த்து, எதிர்முனையில் நிஜமான போன் லைன் இருப்பதாக ட்ரீம்காஸ்டை நம்ப வைக்கிறது. கன்சோல் நம்பர் போட்டு டயல் செய்யும், இந்தப் பெட்டி எடுக்கும், அங்கிருந்து ரசிகர்கள் நடத்தும் சர்வருக்குப் போய்விடலாம். நின்டெண்டோவின் பழைய ஆன்லைன் சேவையான நின்டெண்டோ வை-ஃபை கனெக்‌ஷன் 2014 மே 20-இல் நின்றபோது விம்ஃபி என்ற ரசிகர் சர்வர் வந்து மாரியோ கார்ட் வீ ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது. அதே கம்பெனியின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்கள் இரண்டின் ஆன்லைன் வசதியும் 2024 ஏப்ரல் 8-இல் நின்றது. அதற்கு முன்பே பிரிடெண்டோ என்ற குழு மாற்று சர்வரைக் கட்டத் தொடங்கியிருந்தது. முதல் எக்ஸ்பாக்ஸுக்கு இன்சிக்னியா என்ற ரசிகர் சர்வர் இருக்கிறது. ஹேலோ 2-ஐ மறுபடியும் ஆன்லைனில் ஆடுகிறார்கள். 2010-இல் கன்சோலை அணைக்காமல் வைத்திருந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

பழைய ஆட்டத்தைக் காதலிப்பவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை, இருக்கும் வழியும் நல்ல வழி. ஆனால் பல கன்சோல்களில் உள்மென்பொருளை மாற்ற வேண்டியிருக்கும், ஆட்டத்தின் உரிமைக்காரர் எப்போது வேண்டுமானாலும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கிற, டெக்கன் 8 ஆடுகிற எங்களுக்கு இது பொருந்தவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் எடுத்தேன். கன்சோல்களுக்கு நடுவில் இருந்த சுவர் வேகமாக இடிந்துகொண்டிருக்கிறது. 2018 செப்டம்பர் வரை ஃபோர்ட்நைட்டில்கூடப் பிஎஸ்4-காரர் எக்ஸ்பாக்ஸ்காரரோடு சேர்ந்து ஆடச் சோனி விடவில்லை. இப்போது அது பல ஆட்டங்களில் சர்வசாதாரணம். எக்ஸ்பாக்ஸின் அடையாளமே ஆன ஹேலோ பிளேஸ்டேஷனுக்கு வரப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆட்டம் இப்படி எல்லாப் பக்கமும் பரவும்போது, நம் பேச்சை மட்டும் ஒரு கன்சோலுக்குள் பூட்டி வைப்பது வருகிற காலத்துக்கு ஒவ்வாது.

ஆகவே டிஸ்கார்டுக்குப் போகிறோம். வாடகை வீட்டுக்குப் போகிற மாதிரி நினைத்துத்தான் போகிறோம். ஓனர் ஒருநாள் காலி பண்ணச் சொல்வார் என்று தெரிந்தே பால் காய்ச்சுகிறோம். அங்கே இருப்பதில் எங்களுக்கு முக்கியமானது எதுவோ அதன் பிரதி வெளியே இருக்கும். லீக் அட்டவணை ஒரு சாதாரணக் கோப்பில், மூன்று பேர் கணினியில். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னுடையது. சர்வரின் நிர்வாக அனுமதியும் மூன்று பேருக்கு, அதில் ஒருவர் பெண். எல்லாம் ஒருநாள் படுத்துவிட்டால் அவரவர் கன்சோல் பார்ட்டியில் கூடி, எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திக் கேட்டது ஆட்களின் பட்டியலை. ஐடி, கூப்பிடும் பெயர், ஊர், கன்சோல் இல்லாமல் தொடர்புகொள்ள ஏதாவது ஒரு வழி. நம்பர் தர விருப்பமில்லாதவர்கள் மின்னஞ்சல் மட்டும் தந்தார்கள், அதுவே போதும். ஆறு வருடமாக டிஃபெண்டர் டிஃபெண்டர் என்று நான் கூப்பிட்டவர் பெயர் என்னவென்று போன சனிக்கிழமைதான் தெரிந்துகொண்டேன். மதுரையில் என் அத்தை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

பட்டியலில் 18-ஆவது வரியையும் சேர்த்திருக்கிறேன். அதில் ஒரு ஐடி மட்டும் இருக்கிறது, ஊர் என்ற இடத்தில் திருநெல்வேலிப் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். தம்பி, இது எப்படியாவது உன் கண்ணில் பட்டால், அதே சனிக்கிழமை, அதே பத்து மணிதான்.